எதிர்ப்பக்கத்துப் பஸ்

மாதனூருக்குப் பக்கத்தில், புதிதாகப் போட்ட நாலு வழிச் சாலையின் நடுத்தடுப்பில் ஒரு திறப்பு இருந்தது. ஒரு திங்கட்கிழமை அதை அடைத்தார்கள். அடைக்கச் சொன்னவள் கரோலின்.

அவள் சென்னையில் போக்குவரத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஊர்களைப் பிளந்துகொண்டு பெரிய சாலை போகும்போது அந்த ஊர்க்காரர்கள் எப்படிக் குறுக்கே கடக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. சாலை வேலையை மேற்பார்த்த நிறுவனம் அவளுடைய சிபாரிசுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டது. இந்த ஊரை அவள் எடுத்துக்கொள்ளச் சொந்தக் காரணமும் இருந்தது. அண்ணன் ஜெஸ்டன் வீடு இங்கேதான், வேலை முடியும் வரை அவள் தங்கியதும் அங்கேதான். அவன் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தான். அண்ணி பெர்சிஸ் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் செக்கிங். நாளெல்லாம் மேசை முன்னால் நின்று, தைத்து வரும் தோலில் குறை பார்க்கிற வேலை.

பெர்சிஸுக்கு ஐந்தாம் மாதம். போன வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கனமான குடத்தை மட்டும் அவள் கையிலிருந்து யாராவது வாங்கிக்கொள்வார்கள்.

ஊர் சாலையின் ஒரு பக்கம் இருந்தது. ஆம்பூருக்குப் போகிற வண்டிகளின் பக்கம். கம்பெனி பஸ் காலையில் ஆம்பூரிலிருந்து காலியாக எதிர்ப்பக்கமாக வரும். பள்ளிகொண்டா வரை போய்த் திரும்பி, வழியெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு ஊர்ப்பக்கமாக வரும். ஊர்க்காரப் பெண்கள் அப்போது ஏறிக்கொள்ளலாம். மாலையில்தான் எதிர்ப்பக்கம் இறங்கிக் கடக்க வேண்டியிருந்தது. கரோலின் கம்பெனியில் பேசி அதை மாற்றினாள். மற்ற ஊர்க்காரர்களை முதலில் இறக்கிவிட்டு, திரும்பும்போது இந்த ஊர்ப் பெண்களை ஊர்ப்பக்கமே இறக்கிவிட வேண்டும் என்று ஏற்பாடு. ஊர்ப்பக்கம் ஒரு நிழற்குடையும் கட்ட வைத்தாள். இனி யாரும் சாலையைக் கடக்க வேண்டியதில்லை.

காலையில் கடந்த பெண்களும் கணக்கெடுப்பில் வந்திருந்தார்கள். அந்த இடத்தில் நின்று எண்ணியவர்கள் கல்லூரி மாணவர்கள். அந்த நாட்களில் கரோலின் விடியும் முன்பே மாதனூர் கூட்டுரோட்டுக்குப் போய்விட்டாள். எதிர்ப்பக்கம் நிலக்கடலைக் கொல்லைகள். களையெடுக்கிற காலம். கையில் வயர் கூடை, தலையில் துண்டு என்று மாணவர்கள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். கொல்லை வேலைக்குப் போகிறவர்கள் என்று எழுதிக்கொண்டாள். ஆம்பூர்ப் பக்கம் கொஞ்ச தூரத்தில் பாலத்தடி வழி இருக்கிறது, கொல்லைக்காரர்கள் அதில் போகலாம்.

வரைபடம் முடிந்த அன்று அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து அண்ணிக்குக் காட்டினாள். இது நம் வீடு, இது நிழற்குடை, இனிமேல் நீங்கள் ரோட்டில் கால் வைக்கவே வேண்டாம் என்றாள். பெர்சிஸ் விரலால் அந்தச் சின்னக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லா இருக்கு கரோ என்று சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை கரோலின் கேமராவோடு சாலைக்குப் போனாள். அடைத்த இடத்தைப் படமெடுக்க வேண்டும்.

நிழற்குடையில் யாரும் இல்லை. சிமென்ட் பெஞ்சில் ஒரு நாய் படுத்திருந்தது.

பெண்கள் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார்கள். இன்னும் சிலர் நடுத்தடுப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். முதலில் கூடையை அந்தப் பக்கம் வைப்பார்கள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலை எடுத்துப் போடுவார்கள். கடைசியில் பெர்சிஸ் வந்தாள். அவளால் காலைத் தூக்க முடியவில்லை. தடுப்பின் மேல் உட்கார்ந்தாள். சைரா என்ற பெண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெர்சிஸ் வயிற்றில் ஒரு கையை வைத்தபடி மெல்லத் திரும்பி, ஒரு காலை அந்தப் பக்கம் போட்டாள். பிறகு இன்னொரு காலை. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தோல் லாரி நாற்றத்தோடு கடந்து போனது.

கரோலின் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அண்ணி திரும்பிப் பார்ப்பாள்.

பஸ் வந்தது. காலி பஸ். எல்லோரும் ஏறினார்கள். பெர்சிஸ் ஜன்னலோரம் உட்கார்வது தெரிந்தது. ஆம்பூருக்குப் போக வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் எதிர்த்திசையில், பள்ளிகொண்டாப் பக்கம் போனது.

கரோலின் அங்கேயே நின்றாள். பஸ் திரும்பி வந்தபோது உள்ளே படிக்கட்டு வரை ஆட்கள் நின்றிருந்தார்கள். அண்ணி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை பெர்சிஸ் வந்து கால் நீட்டி உட்கார்ந்ததும் கரோலின் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். கால் வீங்கியிருந்தது. வெந்நீரில் அதை எடுத்து வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

“எவ்ளோ நாளா அண்ணி?”

“வேலைக்குச் சேந்ததுலேர்ந்து. எல்லாரும் அப்படித்தான் ஏறுவோம். திரும்பி வர்றப்போ ஏறுனா நிக்கணும். பஸ்லயும் நின்னு, டேபிள்லயும் நின்னு, முடியல கரோ.”

“வயித்துப் புள்ளக்காரிக்கு ஒரு சீட் குடுக்க மாட்டாங்களா?”

“குடுப்பாங்க. ஒரு நாள் குடுப்பாங்க, ரெண்டு நாள் குடுப்பாங்க. தினமும் யார் எழுந்திருப்பா? அவங்களுக்கும் இருக்கறது கால்தானே.”

கரோலினுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

“படத்தைக் காட்டினப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

பெர்சிஸ் தண்ணீரில் கால்விரல்களை அசைத்தாள்.

“நீ எனக்காகப் போட்டேன்னு சொன்ன. அந்தச் சந்தோசத்துல நிக்கற. அப்போ போய் இன்னான்னு சொல்றது?”

மறுநாள் கரோலின் சைட் அலுவலகத்துக்குப் போனாள். சைட் இன்ஜினியர் அருணகிரி திறப்பை மறுபடியும் திறந்துவிடலாமா என்று கேட்டார். சிமென்ட் இன்னும் காயவில்லை, கல்லை எடுப்பது சுலபம். அவள் வேண்டாம் என்றாள். அங்கே லாரிகள் வேகம் பிடிக்கிற இடம். திறந்தால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் யாராவது அடிபடுவார்கள். அவள் கேட்டது வேறு. பாலத்தடியிலிருந்து ஊர் வரைக்குமான பக்கச் சாலையை முதலில் முடித்துக் கொடுங்கள். போகிற பஸ் பாலத்தடியில் நுழைந்து ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு, அதே வழியில் திரும்பிப் போகும். காலி பஸ்ஸும் கிடைக்கும், கடக்கவும் வேண்டாம்.

பக்கச் சாலை முழுக்க ஜல்லி கொட்டிக் கிடந்தது. எந்த சைட்டிலும் பக்கச் சாலை கடைசி வேலைதான். முதலில் வண்டி ஓட வேண்டும், கால் நடப்பது பிறகு. அருணகிரி ஜல்லிக்கு வேறு இடம் இல்லை, தலைமை அலுவலகம் கேட்கும் என்று நிறையச் சொன்னார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அடைன்னு சொன்னதும் நீங்க. இப்ப ஜல்லியத் தூக்குன்னு சொல்றதும் நீங்க. பேஜாரா இருக்கு மேடம்.”

“தப்பாப் பாத்துட்டேன் சார். கொல்லைக்குப் போறவங்கன்னு நெனச்சேன். அவங்க பஸ்ல உக்காரப் போறவங்க.”

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. அதுவரைக்கும் ஏறி இறங்கத் தடுப்பின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை போடச் சொன்னாள். ஒரு சிவப்புக் கொடியும் கேட்டாள். கொடி பிடிக்க ஆள் இல்லை என்று அவர் சொன்னார். ஆள் வேண்டாம், கொடி போதும் என்றாள்.

மறுநாளிலிருந்து காலையில் கரோலின் கொடியோடு நின்றாள். கார்கள் நின்றன. லாரிகள் திட்டிவிட்டு நின்றன. பெண்கள் மூட்டையில் கால் வைத்து ஏறி இறங்கினார்கள்.

“கொடி புடிக்கறதுக்கா இவ்ளோ படிச்ச?” என்று சைரா கேட்டாள்.

“இதுக்குத் தனியாப் படிக்கணும்” என்றாள் கரோலின். பெண்கள் சிரித்தார்கள். பெர்சிஸ் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போ, வெயில் ஏறுது என்று போகும்போது சொல்லிவிட்டுப் போவாள்.

பஸ் டிரைவர் கவுஸ் பாஷா சில நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, இன்னும் எத்தனை நாள் நிற்பாய் என்று கேட்டார். அவள் பக்கச் சாலையைப் பற்றிச் சொன்னாள். உள்ளே வந்து திரும்ப நேரம் பிடிக்கும், சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள்.

“நமாஸ் முடிச்சு டீ குடிப்பேன். அந்த டீயை உங்க ஊர்ல வந்து குடிச்சுக்கறேன். நீ ரோடு குடும்மா, நான் வர்றேன்.”

அடுத்த வாரக் கடைசியில் அருணகிரியின் ஜீப்பும் கொடிக்கு நின்றது. அப்போது பெர்சிஸ் கடந்துகொண்டிருந்தாள். மூட்டையில் ஒரு கால் வைத்தாள். மூச்சு வாங்க நின்றாள். சைரா கை கொடுத்தாள். ஜீப்புக்குப் பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அருணகிரி ஜீப்பை அணைத்துவிட்டு இறங்கிப் பின்னால் போனார். லாரிக்காரனிடம் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. ஹார்ன் நின்றது. பெர்சிஸ் அந்தப் பக்கம் இறங்கிக் கூடையை எடுத்துக்கொள்ளும் வரை அவர் வெயிலில் நின்றார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை ஜல்லியை அள்ள டிப்பர் லாரிகள் வந்தன.

கரோலின் தன் ஆய்வில் காலையில் கடக்கிறவர்களைப் பற்றிய பக்கத்தைத் திரும்ப எழுதினாள். களையெடுப்பு என்ற வார்த்தையை எடுத்துவிட்டு எழுதியபோது, பக்கம் முன்னைவிடச் சிறியதாக இருந்தது. அப்படியே விட்டாள்.

பக்கச் சாலைக்குத் தார் போடவில்லை. கப்பியும் மண்ணும் போட்டு ரோலர் ஓட்டியதோடு சரி. அது போதுமாக இருந்தது. பஸ் பாலத்தடியிலிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. நிழற்குடை வாசலில் கவுஸ் பாஷா பிரேக் பிடித்தார். பெண்கள் ஏறினார்கள். கரோலின் அண்ணியின் முழங்கையைத் தாங்கிப் படியில் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியே கூடையைக் கொடுத்தாள். இன்னொரு கையில் கொடி இருந்தது. பழக்கத்தில் எடுத்து வந்திருந்தாள்.

பெர்சிஸ் கூடையை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. மடியில் இடம் இல்லை. காலடியில் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள்.

“அதைக் குடு.”

கொடியை வாங்கிச் சுருட்டிக் கூடைக்குள் செருகினாள்.

“நாளைக்கு எழுந்திருக்காத கரோ. தூங்கு.”