இடது கன்னம்

சண்முகப்பிரியா, கணபதிப் பகுதியில் கார் ஓட்டக் கற்பிக்கும் பள்ளியொன்றில் பதினோராண்டுகளாகப் பயிற்சியாளர். கற்பவர் வலப்புறம் அமர, அவள் இடப்புறம் அமர்ந்து தன் காலடியிலிருக்கும் தனிப் பிரேக்கில் கவனம் வைத்திருப்பாள். கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருந்ததால் வெயில் தன்னைத் தொடவில்லை என்றே நம்பினாள். முப்பத்தெட்டு வயதில் அவளுடைய வலக்கன்னம் வழவழப்பாக இருந்தது. சன்னலோரத்து இடக்கன்னமோ கறுத்துச் சுருங்கி, அவள் தாயின் கன்னத்தைப் போலாகிவிட்டது.

தம்பி மிதுனுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. இணைச்சீர்ச் சடங்கில் மணமகனின் உடன்பிறந்தாள் மணப்பெண்ணைப் போலவே அலங்கரித்துக்கொண்டு, கூறைச்சேலைக் கூடையைத் தலையில் சுமந்துவந்து அவனருகில் அமர வேண்டும். ஊரே பார்க்கப்போகும் அந்த முகத்திற்காக, மருந்துக்கடையில் சீட்டின்றிக் கிடைத்த களிம்பொன்றை இரு மாதங்கள் இடக்கன்னத்தில் தடவினாள். முதலில் வெளுத்தது. பின்னர், ஒரு நாள் தடவாவிட்டாலும் நெருப்பாய்ச் சிவந்தது.

தோல் மருத்துவர் மிஸ்பா களிம்புக் குழாயைப் படித்துப் பார்த்தார்.

“இதுல ஸ்டீராய்டு கலந்திருக்குதுங்க. தோலு காகிதமாட்ட மெலிஞ்சுபோச்சு.”

“கார்ல கண்ணாடி ஏத்தித்தானுங்க உக்காந்திருந்தேன், அப்பறம் எப்படிங்க கறுத்துச்சு?”

“சுட்டுச் செவக்க வெக்கிற கதிரைத்தான் அது தடுக்கும். தோலை மூப்பாக்குற கதிரு கண்ணாடிக்குள்ள பூந்து வந்துருமுங்க. இந்தக் களிம்பை இன்னையோட உட்டுருங்க. சில வாரம் செவந்து எரியும், தாங்கிக்கோணும். அது அடங்குனதும் சுருக்கத்துக்கு ராத்திரியில போட ஒரு கிரீம் தாரேன். வெயில்ல இருக்கற வரைக்கும் ரெண்டு மணிக்கொருக்கா சன்ஸ்கிரீன் போடோணும்.”

“எட்டு நாள்ல கல்யாணமுங்க!”

“அந்தக் களிம்புல ஒரு பொட்டு வெச்சாலும் முதல்ல இருந்து ஆரம்பிக்கோணுமுங்க.”

திருமணத்துக்கு முந்தைய பிற்பகல், கருமத்தம்பட்டி மண்டபத்தில் காளியாத்தாள் பெரியம்மா அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனம்மணி, அடுப்புக்குள்ள மூஞ்சிய உட்டியா? எம்புள்ள வர்ஷினி சும்மாதான நிக்கறா. அவ கூடையெடுக்கட்டும்.”

சண்முகப்பிரியாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் மிதுன் விடவில்லை.

“அக்காளை உட்டுப்போட்டு நான் மணவறை ஏறமாட்டனுங்க பெரீம்மா.”

சொல்லிவிட்டு அவள் தோளைப் பற்றிச் சிரித்தான். அந்த அன்பிலிருந்து வெளியேற வாசலே இல்லை.

அறைக்குள் சென்று தாழிட்டாள். கைப்பையின் அடியில் பழைய குழாய் கிடந்தது. ஒரு பொட்டு போதும். விடிவதற்குள் சிவப்பு அடங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். விரல்நுனியில் பிதுக்கினாள். இன்று வைத்தால் நாளை வரவேற்புக்கும் வைக்க வேண்டும், பிறகு மறுவீட்டுக்கும். அப்புறம்? விரலைத் துண்டில் துடைத்தாள். குழாயைக் கழிப்பறையில் பிதுக்கித் தீர்த்துத் தண்ணீர் ஊற்றினாள். கன்னம் தொடர்ந்து எரிந்தது.

மறுநாள் காலை அலங்காரப் பெண்ணின் பவுடர் பட்டதுமே முகத்தை இழுத்துக்கொண்டாள். பட்டும் நகையும் மணப்பெண்ணுக்கு நிகராக இருந்தன. கன்னம் மட்டும் சிவந்திருந்தது. கூடை தலையேறியது. அதை இரு கைகளாலும் பிடித்தாக வேண்டும். மேடையில் விளக்குகள் எரிந்தன. முன்வரிசையில் பெரியம்மா யார் காதிலோ ஏதோ சொன்னாள்.

“அக்கா, எடது பக்கங் காட்டுங்க! என்னுங்க, அழுகாச்சியா? சிரிங்க!” என்றான் புகைப்படக்காரன்.

மறைக்கக் கை இல்லை. அவள் திரும்பினாள்.