சந்திலேயே பெரிய ரேங்க்

அப்பாவின் வலது கை கோட்டுக்குள் நுழையவில்லை. விடியற்காலையில் போன உயிர். ஒன்பது மணிக்குள் உடம்பு விறைத்துவிட்டது. அகல்யாவும் தம்பி முகுந்தும் கோட்டின் முதுகுத் தையலைப் பிரித்து, ஒருவழியாக மாட்டிவிட்டார்கள். எழுபத்தொன்றாம் வருடச் சண்டையின் மெடலை அகல்யாவே நெஞ்சில் குத்தினாள்.

கட்கி கன்டோன்மென்ட்டின் அந்தச் சந்தில் பாதி வீடு பட்டாளத்து வீடுதான். வேலூர்ப் பக்கமிருந்து வந்த தாத்தா பர்மா வரை போய்த் திரும்பியவர். அப்பா ஹவில்தார் சுப்பையா. அகல்யா பத்து வருடம் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து, மேஜராக வெளியே வந்தவள். இப்போது ஹடப்சரில் கம்பெனி வேலை.

வண்டி வந்து நின்றது. பாடையைச் சுற்றிப் பழைய சிப்பாய்கள் பதினோரு பேர் வரிசை கட்டினார்கள். அவர்களில் மூத்தவர், எண்பது வயது சுபேதார் ஆண்டனி, வாசலுக்கு வந்தார்.

"வெளிய வாம்மா. கமாண்ட் குடுக்கணும்."

"நீங்களே குடுங்க மாமா. நீங்கதான சீனியர்?"

"வயசுல. ரேங்க்ல இந்தச் சந்துலயே நீதான்."

சாவித்ரி அத்தை குறுக்கே வந்தாள். "அப்பனுக்கு அழுவற நேரத்துல பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குண்ணா?"

"இவ ஆபீஸரான அன்னிக்கு உங்கண்ணன் வெறப்பா நின்னு சல்யூட் அடிச்சான். பொண்ணுன்னு அடிக்கல, மேலதிகாரின்னு அடிச்சான். திரும்பி வந்து ஒரு மாசம் எங்கிட்ட அதையே பேசினான் தங்கச்சி."

அத்தை தரையில் புரண்ட அகல்யாவின் முந்தானையை எடுத்து, இடுப்பில் இறுக்கிச் செருகிவிட்டாள்.

"தொப்பியில்லாம சல்யூட் கெடையாது" என்று ஆண்டனி சுப்பையாவின் தொப்பியை நீட்டினார். அது அவளுக்குக் கொஞ்சம் பெரிது. புருவம் வரை இழுத்து மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வரிசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாவ்தான்!"

குரல் உடைந்துவிடுமோ என்று பயந்திருந்தாள். உடையவில்லை. பதினோரு ஜோடிக் குதிகால்கள் ஒன்றாய்ச் சேர்ந்தன. சந்து முனையில் ஒரு ஆட்டோ நின்றுவிட்டது.

"சாம்னே சல்யூட்!"

பன்னிரண்டு கைகள் நெற்றிக்குப் போயின. அவள் இறக்கும்வரை யாரும் இறக்க மாட்டார்கள். இறக்கிவிட்டால் அப்பாவை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அப்படியே நின்றாள்.

ஓரக்கண்ணில் ஆண்டனியின் முழங்கை தெரிந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது.

அகல்யா கையை இறக்கினாள்.