பத்தடி தள்ளி ஒரு முகம்

தச்சர் முகக்கவசத்துக்குப் புதியவர் அல்லர். இருபது வருடமாக மரத்தூளுக்குக் கட்டுகிறார். பட்டறையில் மாட்டினால் வீட்டு வாசலில் செருப்போடு கழற்றுவார். தொற்றுக் காலத்திலும் அதே பழக்கம். ஆளில்லாத தெருவில் மூக்கை மூடிக்கொண்டு தன்னந்தனியாக நடப்பார். வீட்டில், சன்னல் சாத்திய சின்ன அறையில், மனைவியின் அருகே உட்கார்ந்து வாயாரப் பேசுவார்.

மனைவிக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மாத்திரை கொடுத்து அடக்கி வைத்திருந்தார்கள். இந்தத் தொற்று ஒட்டினால் உயிருக்கே ஆபத்து.

நர்ஸாக இருக்கும் மச்சினி அக்காவைப் பார்க்க வீடியோவில் கூப்பிட்டாள். பக்கத்தில் அத்தானின் வெறும் முகம் தெரிந்தது.

“அத்தான், உங்களுக்கு எல்லாமே தலைகீழா? காத்தாட நடக்கற ரோட்டுல மூடிக்கிறீங்க. அடைச்ச ரூம்ல அவ மூஞ்சிக்கு நேரா திறந்து வச்சிருக்கீங்களே!”

“வீட்டுக்குள்ள ஏதும்மா தூசி?”

“தூசிக்கு யாரு பயந்தா? உங்க மூச்சுக்குத்தான்.”

அவருக்குச் சுருக்கென்றது. அன்று காலைகூடப் பட்டறையில் ஒருவன் இருமினான். எழுந்து சன்னலைத் திறந்தார். அன்றிலிருந்து வீட்டுக்குள் முகக்கவசம் இறங்கவில்லை. சாப்பாடு சமையலறையில், தனியாக.

பத்தாம் நாள் மனைவி சொன்னாள்: “ரெண்டு கண்ணு மட்டும் நடமாடுது. திருடனோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு.”

“கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“உங்க மூஞ்சியே மறந்துடும்போல இருக்குங்க.”

அவர் மச்சினியிடம் கேட்டார். மொட்டைமாடியில், நல்ல காற்றில், ஆறடி தள்ளி உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் கழற்றலாம் என்றாள். தச்சர் டேப்பை நீட்டிப் பத்தடி அளந்து இரண்டு நாற்காலி போட்டார். காற்று வரும் பக்கம் மனைவிக்கு.

“சிரிக்கக் கூடாது” என்றார்.

“எதுக்கு?”

கழற்றினார். மேலுதடு வெளுத்து, வழவழவென்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே புதராக மண்டிக் கிடந்த மீசையைக் காணோம்.

“ஐயோ, எப்பங்க எடுத்தீங்க?”

“உன் தங்கச்சி திட்டின அன்னைக்கே. முடி இருந்தா இடுக்குல மூச்சு போகுமாம்.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

“நல்லா இல்லன்னா மூடிக்கறேன்.” கை முகக்கவசத்தைத் தேடியது.

“சும்மா உக்காருங்க. யாரோ மாதிரி இருக்கீங்க. பாத்துப் பழகிக்கறேன்.”