முழுக்கைச் சட்டை

முகமூடிக்குக் கண் துளை வெட்டிக்கொண்டிருந்த கொரிங், பன்னிரண்டு வருஷமாகக் கேட்காததைப் பெரிய வெள்ளி காலையில் கேட்டுவிட்டாள்.

“இந்த நேர்ச்சை எதுக்குன்னு என்கிட்ட ஒரு வாட்டி சொல்லுங்க. இன்னிக்கோட முடியுதே.”

அவள் புருஷன் டெல்ஃபின் சட்டையில்லாமல் முக்காலியில் உட்கார்ந்து, முதுகில் அடித்துக்கொள்ளும் கயிற்றின் மூங்கில் குச்சிகளை இறுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. உனக்கென்ன அதுல?”

“மிதிபட்டது நான். செத்தது என் வயித்துல இருந்த பிள்ளை.”

பெரிய வெள்ளியன்று பெண்டாட்டியை அடிக்கக் கூடாது என்கிற பக்தி டெல்ஃபினுக்கு உண்டு. அதனால் அடிக்கவில்லை. எழுந்து வந்து அவள் முன்கையைப் பிடித்து, கத்தரிக்கோல் கீழே விழும்வரை முறுக்கினான். பிறகு போய் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தான்.

அடுப்பில் கொய்யா இலை வேகவைத்துக்கொண்டிருந்த மாமியார் சீமாங் எல்லாவற்றையும் பார்த்தாள். சாயங்காலம் மகனின் முதுகைக் கழுவ அந்தத் தண்ணீர் வேண்டும். நல்ல நாளும் அதுவுமாக அவன் வாயைக் கிளறாதே என்று மருமகளைக் கடிந்துகொண்டாள். கொடியில் கிடந்த முழுக்கைச் சட்டையை எடுத்து நீட்டினாள். அவளுக்கும் ஒரு காலத்தில் அப்படிச் சட்டைகள் இருந்தன.

“மனச விடாத. இன்னிக்குப் பாட்டுப் பந்தல் முன்னால விழுந்து எழுந்ததும் இன்னும் பன்னெண்டு வருஷத்துக்கு நேர்ந்துக்கப் போறான். எந்தப் பொம்பளைக்குக் கிடைக்கும் இப்படி ஒரு புருஷன்?”

கொரிங் சட்டையைப் போட்டு மணிக்கட்டுப் பொத்தானை மாட்டினாள். இன்னும் பன்னிரண்டு வருஷம்.

அவன் எதற்காக நேர்ந்துகொண்டான் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியாததல்ல. குடித்துவிட்டு வந்து ஐந்து மாதக் கர்ப்பிணியை மிதித்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில், வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தாள் என்று எழுதினார்கள். அடுத்த தவக்காலத்தில் டெல்ஃபின் பன்னிரண்டு வருஷத்துக்கு நேர்ந்துகொண்டு முதுகைக் கீறி இரத்தம் சிந்தினான், தெருவே கண்ணீர் விட்டது. அன்றிலிருந்து வருஷா வருஷம் இதே கதைதான். ஈஸ்டருக்குப் பிறகு இரண்டு வாரம் வீடு அமைதியாக இருக்கும். முதுகுப் புண் ஆறியதும் கை மறுபடி நீளும். கொரிங் பங்குச் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள். உன் புருஷன் ஊரறியப் பரிகாரம் செய்கிறானே, நீயும் உன் சிலுவையைச் சும என்றார். கூடப்பிறந்தவனும் அதையே சொன்னான். கல்யாணக் கட்டை அவிழ்க்க, விவாகரத்து என்று ஒரு சட்டமும் இந்த நாட்டில் இல்லை.

உச்சி வெயிலில் ஊர்வலம் வந்தது. கறுப்பு முகமூடியும் தலையில் காட்டுக்கொடி பின்னிய கிரீடமுமாகப் பத்துப் பதினைந்து ஆண்கள், வெறுங்காலோடு, எரிமலை கக்கிய சாம்பல் மணலை மிதித்து வந்தார்கள். அம்போ என்பவன் கண்ணாடிச் சில்லு பதித்த கட்டையால் அவர்கள் முதுகைக் கீறிவிட்டிருந்தான். மூங்கில் குச்சிகள் இடமும் வலமும் சடசடத்தன.

பந்தலில் ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளைப் புத்தகம் பார்த்து முறைவைத்துப் பாடும் பெண்களோடு கொரிங்கும் இருந்தாள். மைக் அப்போது அவள் முன்னால் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு வழக்கம். பந்தல் முன்னால் குப்புற விழுந்தவன், பாடுகிறவர்கள் மூச்சு வாங்க நிறுத்தும்வரை எழக் கூடாது. எழுந்தால் நேர்ச்சை முறிந்துபோகும். ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்துப் பாட வேண்டியவள் தலையாட்டினால் நிறுத்தியதாகக் கணக்கு, அவ்வளவுதான்.

டெல்ஃபின் கைகளை விரித்து மணலில் விழுந்தான். உறவுக்காரர்கள் செருப்பால் ஒரு அடி போட்டால் அவனுக்குப் புண்ணியம் கூடும் என்பார்கள். சீமாங் அழுதுகொண்டே அடித்தாள். பக்கத்து வீட்டு லூமெங் தன் கைக்குட்டையை அவன் முதுகில் ஒற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அம்போ செருப்பைக் கொரிங்கிடம் நீட்டினான்.

“நீயும் ஒண்ணு போடு தங்கச்சி. இன்னிக்கு அவன் திருப்பிக் கேக்க மாட்டான்.”

கூட்டம் சிரித்தது. ஆக, எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. அந்தச் சிரிப்பு கொரிங்கைச் சுட்ட மாதிரி டெல்ஃபின்கூட இத்தனை வருஷத்தில் சுட்டதில்லை.

அவள் செருப்பை வாங்கவில்லை. சட்டைக் கையைப் பொத்தான் கழற்றி, முழங்கைக்கு மேலே மடித்துவிட்டாள். நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் நீலமாகப் பதிந்திருந்தன. அதற்கு மேலே மஞ்சளாக மங்கிய பழைய கன்றல்கள். புத்தகத்தை அந்தக் கையாலேயே உயர்த்திப் பிடித்துப் பாடத் தொடங்கினாள்.

பக்கம் முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி, மூச்சு விடாமல் தொடர்ந்தாள். அம்போ போதும் என்று கை காட்டினான். டெல்ஃபினின் விரல்கள் கொதிக்கும் மணலைப் பிறாண்டின. மூன்றாவது பக்கத்தில் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. அவன் முதுகையே கண்கொட்டாமல் பார்த்தவர்கள் அவள் கையைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்கள்.

சீமாங் பந்தலுக்குள் வந்து காதருகே குனிந்தாள். “கைய மூடுடி. ஆண்டவர் செத்த நாள்ல இதையெல்லாமா காட்டுறது?”

“அவர் முதுக எல்லாரும் பாக்குறாங்க அத்தை. இதையும் பாக்கட்டும்.”

மைக் அதை வாங்கித் தெருமுனை வரைக்கும் கொண்டுபோனது. லூமெங் அவசரமாக வந்து தன் கைக்குட்டையால் கொரிங்கின் கையை மூடப் பார்த்தாள். அதில் டெல்ஃபினின் இரத்தம் இன்னும் காயவில்லை. கொரிங் கையை விலக்கிக்கொண்டு, பாட்டில் விட்ட அடியைப் பிடிக்கப் பார்த்தாள். ஆனால் மூன்று பக்கம் இடைவிடாமல் பாடிய குரல் உடைந்துபோயிருந்தது. சத்தம் எழும்பவில்லை.

பாட்டு நின்றுபோனது. மணலிலிருந்து டெல்ஃபினின் முகமூடி மெல்ல உயர்ந்தது.

அடுத்துப் பாடும் முறை பினாங்கினுடையது. அறுபது வயதுக்காரி, எந்தக் கோடையிலும் முழுக்கைச் சட்டையைத் தவிர வேறு போட்டு நாங்கள் பார்த்ததில்லை. நிறுத்து என்று தலையாட்ட வேண்டியவள் அவள்தான். பினாங் கொரிங்கின் கையைப் பார்த்தாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்து, விட்ட இடத்திலிருந்து பாடினாள்.

டெல்ஃபின் தலையை மறுபடி மணலில் வைத்தான்.