அப்பாசாமி வழக்கில் இரண்டு தீர்ப்புகள்

அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று சாட்சியச் சட்டத்தைப் பற்றி நூல் எழுதியவர் மாஜிஸ்திரேட் தம்பிராஜா. மலாக்காவில் வழக்கறிஞர்கள் அதைப் புரட்டாமல் நீதிமன்றம் போவதில்லை. 1942இல் ஜப்பானியர்கள் நீதிமன்றத்தைத் திரும்பத் திறந்தபோது அதே நாற்காலியில் அவரையே உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார்.

அந்த வருஷக் கடைசியில் அப்பாசாமி என்ற லாரி டிரைவரைக் கொண்டுவந்தார்கள். ராணுவக் கிடங்கில் இரண்டு மூட்டை அரிசி திருடியதாக வழக்கு. அவன் காஜா பேராங் தெருவில் தம்பிராஜாவின் எதிர்வீட்டுக்காரன். உதடு கிழிந்து தொங்கியது.

"அடிச்சுத்தான் கைநாட்டு வாங்குனாங்க, ஐயா. ஒங்களுக்குத் தெரியாத சட்டமா?"

பக்கத்தில் ஜப்பானிய போலீஸ் அதிகாரி நீண்ட வாளைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். தம்பிராஜா தலை நிமிராமல் மூன்று வருஷம் என்று எழுதினார். நான்காம் மாதம் அப்பாசாமி சிறையில் சீதபேதியில் செத்தான்.

அன்றிலிருந்து தெரு அவருக்கு எதிரியானது. அவர் வந்தால் காப்பிக் கடையில் பேச்சு நிற்கும். சவரக்காரன் கத்தி மழுங்கிவிட்டது என்று திருப்பி அனுப்பினான். அப்பாசாமியின் மனைவி ருக்மணி மட்டும் எதையும் மறைக்கவில்லை. அவர் சைக்கிளை வெளியே எடுக்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து, "ஜப்பான்காரன் ஜட்ஜு கெளம்பிட்டாரு, எல்லாரும் உள்ள போங்க" என்று கத்துவாள். அவர் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்.

1944இல் ஷிஹாபுதீன் என்பவனின் வழக்கு வந்தது. மருந்துக் கிடங்கில் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை திருடியதாக அவனும் கைநாட்டு வைத்திருந்தான். அதே அதிகாரிதான் பக்கத்தில் இருந்தார்.

"கையைக் காட்டு" என்றார் தம்பிராஜா.

நான்கு விரல்களில் நகம் இல்லை.

"இந்த வாக்குமூலத்தை ஏற்க முடியாது. வேறு சாட்சி இல்லை. விடுதலை."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரியின் கை தம்பிராஜாவின் கன்னத்தில் விழுந்தது. அடுத்த அடி காதில். நாற்காலியோடு சாய்ந்தார். போலீஸ்காரர்கள் எல்லாரும் அவரைச் சுற்றி நின்ற நேரத்தில் ஷிஹாபுதீன் பின்வாசல் வழியாக ஓடிவிட்டான். அவனுக்கும் சேர்த்து இவரை அடித்தார்கள். நாற்பது நாள் லாக்கப்பில் வைத்திருந்து வெளியே விட்டபோது இடது காது கேட்கவில்லை. வேலையும் போயிருந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேரே ருக்மணியின் வாசலில் போய் நின்றார்.

"அன்னிக்கு நான் பயந்துட்டேம்மா."

"எம் புருசனுந்தான் பயந்தாரு. பயந்துதான் கைநாட்டு வச்சாரு. அதுக்கு மூணு வருசம் போட்டீங்க. ஒங்க பயத்துக்கு யாரு போடுறது?"

அவள் கதவைச் சாத்தினாள்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பினார்கள். தன்னை விடுவித்ததற்காக அவர் அடிபட்டதை ஷிஹாபுதீன் தானாக வந்து சாட்சி சொன்னதால் தம்பிராஜாவை மறுபடி பதவியேற்கக் கூப்பிட்டார்கள். அப்பாசாமி வழக்கை மறுவிசாரணைக்கு எடுத்தால்தான் வருவேன் என்றார். தீர்ப்பு சட்டவிரோதம், எழுதியவன் நானே என்று மனுவில் கையெழுத்துப் போட்டார். ஐந்து மாதத்தில் தண்டனை ரத்தானது.

உத்தரவை எடுத்துக்கொண்டு ருக்மணியிடம் போனார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே படிங்க. இங்க வேணாம், தெருவுல நின்னு படிங்க. அவரைத் திருடன்னு இந்தத் தெருவே கேட்டுச்சு."

தம்பிராஜா நடுத்தெருவுக்குப் போனார். காப்பிக் கடையிலிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். தவறிழைத்த மாஜிஸ்திரேட்டின் பெயர் வந்த இடத்தில் குரல் இறங்கியது.

"கேக்கல!" என்றாள் ருக்மணி.

"தம்பிராஜா" என்று உரக்கச் சொன்னார்.

படித்து முடித்ததும் காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பிறகு அவர் உயர் நீதிமன்ற நீதிபதியாகப் போனார், நூலின் புதிய பதிப்பில் அந்த வழக்கைத் தன் பெயரோடு சேர்த்தார். காஜா பேராங்கை விட்டு அவர் வீடு மாறும்வரை அவள் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.