முஜாஹித்தின் கப்பலுக்குப் பட்ட அடிகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பேருந்தில். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் மடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள். எலுமிச்சை சாதமாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். உள்ளே பஞ்சுக்கு நடுவில் ஒரு விண்கப்பல் படுத்திருந்தது.

"இன்னா சார் பாக்கறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

பள்ளிகொண்டா வருவதற்குள் தூங்கிவிட்டாள். எங்கள் பழக்கம் அவ்வளவுதான். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது, பூங்குழலி என்று நானே வைத்துக்கொண்டேன். மீதி முழுக்க நானாகக் கட்டியது, பிடிக்காவிட்டால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே!

"கி.பி. மூவாயிரத்து நாற்பதாம் ஆண்டு, பாலாற்றுக்கு மேலே நட்சத்திரங்கள்" (அடச்சீ.)

"பூங்குழலி சின்ன வயதிலிருந்தே வானத்தைப் பார்த்துப் பார்த்து" (எங்கே பார்த்தாள்? அவளுக்குக் கழுத்து வலி.)

"தோல் வாசனை காற்றில் மிதந்து வந்த அந்த" (ஆம்பூர் என்றதும் எழுதுகிறவனுக்கு மூக்கு மட்டும்தான் வேலை செய்கிறது. வேண்டாம்.)

2, மறுபடியும்

சரி, நேராகவே சொல்கிறேன். பூங்குழலி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து முடித்த ஷூ பெட்டிக்குள் போகும் முன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவள் வேலை. கீறல், சுருக்கம், பசைக்கறை என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஷூ திரும்பிப் போய்ச் சரியாகி வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விண்வெளிப் போருக்குப் போவாள்.

(சிரிக்காதீர்கள், நிஜமான போர்தான்.) முஜாஹித்துக்கு ஒரு மாமா, மாமாவுக்கு ஒரு ஷூ பக்கிள் கடை, கடைக்கு ஒரு மாடி. அங்கே பெரிய மேஜைமேல் கறுப்புத் துணி விரித்து, பகடை உருட்டி, உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் கப்பல்களை நகர்த்திச் சண்டை போடுவார்கள். முஜாஹித் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கணக்கு பார்க்கிறவன். அவனுடைய தோஸ்துகள் டேனியல், செந்தில்குமார். நாலாவது ஆள் பூங்குழலி.

அவள் தன் கப்பல்களுக்குத் தானே வண்ணம் அடித்திருந்தாள். பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருந்தன. அதுதான் வினை.

"இன்னாம்மா, சண்டைக்கு வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா?" என்று டேனியல் கேட்டான். மாடியே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் பேஜாராகிவிட்டது.

3

இப்போது எதற்காக இவ்வளவு பாடு என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் பெங்களூரில் இந்த விளையாட்டுக்காரர்களின் கூட்டம். ஆம்பூர்க் கப்பல்களை அங்கே பார்வைக்கு வைப்பார்கள், முன்னால் ஓர் அட்டை நிற்கும். அட்டையில் 'வண்ணம்' என்று போட்டு ஒரு பெயர் இருக்கும்.

முஜாஹித் தன் தலைமைக் கப்பலை அவளிடம் கொடுத்தான். "மூணு வருசமா அடி வாங்கற கப்பல்ம்மா இது. பாத்தா அப்படித் தெரியணும். நல்லா வந்துச்சுன்னா மொத்தக் கப்பலுக்கும் நீதான் பெயின்ட், அட்டைல உம் பேரு. இல்லன்னா பெங்களூர்லயே ஒருத்தன் கிட்ட குடுத்துடுவேன்."

"செஞ்சுட்றேன் பாய்" என்றாள்.

அவளுக்கு அந்த அட்டைமேல் வெட்கங்கெட்ட ஆசை வந்துவிட்டது. உலகம் பூரா அவள் கை பட்ட ஷூ நடக்கிறது, ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. இருக்க வேண்டும் என்று இதுவரை தோன்றியதும் இல்லை. இப்போது தோன்றிவிட்டது, தூக்கம் போய்விட்டது.

4

* பழசாக்குவது எப்படி என்று கேட்பவர்களுக்கு: பிய்த்த ஸ்பாஞ்சில் கரும்பழுப்பைத் தொட்டு, பாதியைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, ஓரங்களில் ஒற்ற வேண்டும். பெயின்ட் பெயர்ந்தது போலத் தெரியும். பள்ளங்களில் தண்ணியான கறுப்பை ஓட விட்டால் அழுக்கு. எஞ்சினுக்குப் பின்னால் கரித்தூள் தடவினால் புகை. சுலபம்தான்.

செக்கருக்குச் சுலபமில்லை. திங்கட்கிழமை இறக்கை ஓரத்தில் ஒரு கீறல் போட்டாள். தள்ளி வைத்துப் பார்த்தாள். கீறல்! கை தானாகச் சாம்பல் வண்ணத்தை எடுத்து மூடிவிட்டது. செவ்வாய்க்கிழமையும் அதே கூத்து. மூடி மூடிக் கப்பல் முன்னைவிடப் புதுசாகிவிட்டது.

(இந்த இடத்தில் எனக்கே இவள்மேல் சந்தேகம் வந்தது. கீறலைக் கண்டால் ஆகாதவள் கீறல் போட வேண்டும் என்பது கதைக்கு ரொம்பச் சௌகரியமாக இருக்கிறதே! இவளைத் தூக்கிவிட்டு ஒரு பேங்க் மேனேஜரைப் போடலாமா என்று யோசித்தேன். பேங்க் மேனேஜர் இரண்டு பத்தியில் என்னையே தூங்க வைத்துவிட்டார்.)

வியாழக்கிழமை கம்பெனியில் ஒதுக்கிப்போட்ட ஒரு தோல் கண்ணில் பட்டது. கழுத்தில் முள்வேலிக் கீறல், வயிற்றில் உண்ணி கடித்த புள்ளி, முதுகில் சாட்டைத் தழும்பு. மாடு எங்கே உரசியதோ அங்கேதான் கீறல். அட, சும்மா வருகிற கீறல் ஒன்றுகூட இல்லையே!

வீட்டுக்குப் போனதும் கப்பலுக்கு ஒரு வாழ்க்கை கொடுத்தாள். துறைக்குள் எப்போதும் இடப்பக்கமாக நுழையும், ஆகவே அந்தப் பக்கம் உரசல். விண்கல் மழைக்கு முகம் கொடுத்தது, மூக்கில் பொத்தல். சிப்பாய்கள் ஏறி இறங்கும் வாசலில் தேய்மானம். பூட்ஸ் எங்கே தேய்க்கும் என்று இவளுக்கா தெரியாது? காரணம் இருந்த கீறலை அவள் கை மூடவில்லை.

5

சனிக்கிழமை மதியம், கம்பெனிக்கு டிபன் பாக்ஸில் கொண்டுவந்திருந்த கப்பலைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். பக்கத்து பெஞ்ச் செக்கர் தேவகி சாப்பிட்டுவிட்டு வந்தாள். பெஞ்சில் ஏதோ இருந்தது, எடுத்தாள், திருப்பினாள். கண்ணும் கையும் பழக்கப்படி வேலையைப் பார்த்துவிட்டன. பூங்குழலி திரும்பி வந்தபோது கப்பல் முழுக்கச் சிவப்பு அம்பு.

"இன்னாடி இது, எந்த லைன் பீஸு? இவ்ளோ டேமேஜை எவன் பாஸ் பண்ணான்?" என்றாள் தேவகி.

"எல்லாம் நான் போட்டதுடி."

"இன்னாத்துக்கு?"

"அழகுக்கு."

தேவகி அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பூங்குழலிக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். தேவகி கண்ணே நம்பிவிட்டது! அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

பிறகு இருவரும் அம்புகளை மெல்ல உரித்தார்கள். மூக்கில் இருந்த கடைசி அம்பைத் தேவகி வெடுக்கென்று இழுத்தாள். பெயின்ட்டும் கூடவே வந்தது. உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் பல்லைக் காட்டியது.

"பாவி!" என்று முதுகில் ஒன்று வைத்தாள் பூங்குழலி. ராத்திரி சுற்றிலும் கரித்தூளைத் தடவிப் பார்த்தாள். வெள்ளை அப்படியும் தெரிந்தது. இதற்கும் ஒரு காரணம் இருந்ததால் வண்ணம் பூசி மூடக் கை வரவில்லை.

6

முடிவுக்கு என்னிடம் சில சரக்குகள் உண்டு.

(அ) முஜாஹித் கத்துகிறான், அவள் அழுகிறாள். (அவள் அழ மாட்டேன் என்கிறாள்.)

(ஆ) முஜாஹித் கண்கலங்கி, "தங்கச்சி" என்று (அய்யய்யோ.)

(இ) நிஜமாகவே வேற்றுக்கிரகவாசிகள் வந்து ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில்

வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முஜாஹித் கப்பலை வாங்கி விளக்கடியில் பிடித்தான். டேனியல் கழுத்தை நீட்டினான்.

"இந்த எடது பக்க உரசல் என்னுது. போன தீபாவளிக்கு என் கப்பல்தான இடிச்சுது."

"உன்னுதா? அன்னிக்கு நீ பாதியில வீட்டுக்குப் போய்ட்ட. அது என் பீரங்கி" என்றான் செந்தில்குமார்.

"மூக்குல வெள்ளையா இருக்கே, அது?" என்று டேனியல் மடக்கினான்.

"அதுவும் என்னுது!"

"நல்லாருக்குடா! கப்பல் என்னுது. எவன் எங்க அடிச்சான்னு எனக்குத் தெரியாதா?" என்று முஜாஹித்தும் இறங்கிவிட்டான்.

அந்த மூக்கு அடிக்குத்தான் ஜாஸ்தி சண்டை. டீ ஆறிப்போனது. பூங்குழலி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொந்தக்காரன் வந்தாயிற்று. இதையெல்லாம் யார் கீறினார்கள் என்று ஒருவனும் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்து தொலைத்திருந்தாள்.

இங்கேயே முடித்துவிட நினைத்தேன். கசப்பான நல்ல முடிவு, நாலு பேர் மெச்சுவார்கள். பூங்குழலி மேஜையைத் தட்டினாள். எல்லாக் கப்பலும் குதித்தது.

"அந்த மூக்கு அடி தேவகியோடது. மீதி எல்லா அடியும் என்னுது. அட்டையக் குடுங்க பாய்."

"எந்தத் தேவகி?" என்றான் டேனியல்.

முஜாஹித் அவளைப் பார்த்தான், கப்பலைப் பார்த்தான், அட்டையையும் பேனாவையும் நீட்டினான். "ஒரு பேருக்குத்தாம்மா எடம்."

அவள் குனிந்து, பரீட்சையில் பக்கத்துப் பெண் காப்பியடிக்காமல் மறைப்பதுபோல் இடது கையால் அட்டையை மறைத்துக்கொண்டு எழுதினாள். ஒரு பெயர் எழுதும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே எடுத்துக்கொண்டாள். நான் அவள் பின்னால் நிற்கிறேன், எம்பிப் பார்த்தும் கைதான் தெரிகிறது. மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் நீங்கள். அவள் கையை எடுக்கப்போகிறாள், படித்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.