மூன்று தரம் சுண்டிய குழாய்

ஷிங்கு ஆற்றில் காற்றுக் குழாயை வாயில் கவ்வி முங்கி மீன் பிடிக்கிறவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆளில்லாத காற்றுக் குழாயைக் கீழிருந்து எதுவாவது சுண்டினால், பதிலுக்குச் சுண்டக் கூடாது. பதில் கொடுத்தால் செத்தவன் ஏறி வந்துவிடுவானாம். வரட்டுமே, என் வீட்டுக்காரர்தானே.

போன கோடையில் என் வீட்டுக்காரர் ஜெனேசியோ இதே பாறைக்கு அடியில் இருந்தபோது, படகில் காற்றடிக்கும் எஞ்சின் நின்றுபோனது. எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்து என் உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம். குழாய் மட்டும் மேலே வந்தது. அவர் உடம்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

முங்கியவர் ஒரு தரம் சுண்டினால் குழாயை இன்னும் விடு, இரண்டு தரம் என்றால் என்னைத் தூக்கு. மூன்று என்பது ஜெனேசியோவுக்கு மட்டும். ஜகுண்டா மீன் வலையில் விழுந்தால் மூன்று தரம் சுண்டுவார். வெறும் பீற்றல். அவர் தம்பி வால்டெசிக்கு அதெல்லாம் வராது, பேச்சிலேயே கஞ்சன்.

கண்ணாடித் தொட்டி மீன் வியாபாரி சிவந்த வயிற்று ஜகுண்டா கேட்டிருந்தான். குஞ்சுகளைக் காத்துக்கொண்டு பாறை இடுக்கில் கிடக்கும் மீன் அது. தேடிப் போய்த்தான் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் வால்டெசியும் நானும் இந்தப் பாறைக்கு வந்திருந்தோம்.

"மூணு தரம் ஆடுச்சுன்னா கண்டுக்காதீங்க அண்ணி. அது நான் இல்ல."

"நீ மீனைப் பாரு. குழாயை நான் பாத்துக்கறேன்."

இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் என் கையில் குழாய் மூன்று தரம் சுண்டியது. சும்மா இருக்கத்தான் நினைத்தேன். மறுபடி மூன்று, இந்த முறை கோபமாக. கட்டுப்பாடாவது மண்ணாவது என்று குழாயை மொத்தமாக இழுத்தேன்.

இடுப்பில் சுற்றிக் கட்டிய குழாயோடு வால்டெசி கண் செருகி வந்தான். படகில் போட்டதும் வாந்தி எடுத்தான். அப்போதுதான் பார்த்தேன், காற்று திசை மாறி, எஞ்சின் புகையெல்லாம் அவன் சுவாசிக்கும் காற்றோடு கலந்து போய்க்கொண்டிருந்தது.

"நீயாடா சுண்டினே?"

"நான் எங்க சுண்டறது அண்ணி... ஒரு கையில வலை, இன்னொரு கை இடுக்குக்குள்ள. தலை சுத்துச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியல."

அவன் இடுப்பிலிருந்து அவிழ்த்துப் போட்ட குழாய் நுனி தண்ணீருக்குள் நழுவிப் போயிருந்தது. அது சுண்டியது. மூன்று தரம். இருவருமே பார்த்தோம்.

"வேணாம் அண்ணி."

"ஒரு வருஷமா கூப்பிடறாருடா. நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்."

புகை வெளியே போகும்படி எஞ்சினைத் திருப்பி வைத்து, குழாய் வழியே கீழே காற்று போக ஓடவிட்டேன். ஆளில்லாத குழாயில் குமிழி இடைவிடாமல் பொங்கும். இது நின்று நின்று வந்தது, ஆள் மூச்சு விடுவது போல. நான் வாய்விட்டு அழுதேன்.

வால்டெசி வெகுநேரம் அந்தக் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மணிக்கட்டில் மாட்டியிருந்த வலையை அவிழ்த்து, உள்ளே இருந்த ஜகுண்டாவை அதன் குஞ்சுகளிடம் திரும்பப் போக விட்டான். பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் இருமத் தொடங்கியதும், ஊர் திரும்ப வைத்திருந்த பெட்ரோல் கேனைத் தூக்கி அதில் ஊற்றினான்.

"வீட்டுக்கு எப்படிடா போறது?"

"துடுப்பு இருக்குல்ல, அண்ணி. அண்ணன் மூச்சு விடட்டும்."